துருத்தி நின்ற நான்கு நிமிடம்

ஆபரேஷன் தியேட்டர் என்றதும் நார்மன் லைப்பருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரத்தமல்ல, வாசனை. சூடேறிய ரப்பர், தரைக்குப் பூசும் மெழுகு, அவற்றின் மேல் மிதக்கும் மயக்க மருந்தின் லேசான இனிப்பு. ஆபர்டீனில் அந்தப் பழைய நான்காம் எண் தியேட்டரை இடித்துப் பதினைந்து வருடமாகிறது. அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன. பேருந்து அந்த வழியாகப் போகும் நாட்களில் நார்மன் முன்கூட்டியே இடதுபக்க ஜன்னலைப் பிடித்துவிடுவார்.

"கார் நிறுத்துற இடத்தைப் பாத்துப் பெருமூச்சு விடற ஒரே மனுஷன் இந்த ஊர்லயே நீதான்" என்பாள் மனைவி ஜெஸ்.

எழுபத்தாறு வயதில் ஒரு மனிதன் எதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என்பதை அவனேதான் முடிவு செய்ய வேண்டும்.

நார்மன் ஆற்றுக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிய டோரியில் பிறந்தவர். அப்பா இழுவலைப் படகில் போனவர். மகன் கடலுக்குப் போனது மீனுக்காக அல்ல, எண்ணெய்க்காக. இருபத்தாறு வயதில் வடகடலில் நிற்கும் ஓர் எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. இப்படிப் பதினைந்து வருடம். கடைசி ஆறு வருடம் அவர் உட்கார்ந்தது அனுமதி மேசையில். மேடையில் எவன் எந்தத் திருகைத் திறப்பதானாலும் முதலில் நார்மனிடம் வந்து தாள் வாங்க வேண்டும். பாதியில் நிற்கும் வேலையில் சிவப்புச் சீட்டுத் தொங்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது போகிறவனும் வருகிறவனும் சேர்ந்து அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, அதன்மேல் கையை வைத்து, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனால் அது ஒப்படைப்பு அல்ல, தபால்.

அந்த விதியை யாரும் ஞானத்தால் கண்டுபிடிக்கவில்லை. ஆட்கள் வெந்த பிறகு எழுதியது.

சுழலிகளின் இரைச்சல் வலது காதைத் தின்று தீர்த்ததும் கம்பெனி மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தார். "கேட்கும் திறன் குறைவு காரணமாகப் பணிக்குத் தகுதியற்றவர்." தின்ற இயந்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. குறை முழுக்க நார்மனின் காதினுடையது.

இப்படித்தான் 1990-இல், நாற்பத்தோரு வயதில், மயக்க மருத்துவர்களுக்கு உதவியாளராக அந்த மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் வேண்டாமென்றால் அனுப்பிவிடலாம்.

முதல் நாளே அவருக்கு வியப்பு. மயக்க மருந்து இயந்திரத்தைச் சுற்றி வந்தார். குழாய், வால்வு, அழுத்தமானி, வாயு. எல்லாம் அவருக்குத் தெரிந்த பங்காளிகள். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கறுப்புத் துருத்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் தூங்கும் நோயாளிக்கு மூச்சு. கடலில் ஏதாவது நடந்தால் படகைத் தேடி ஓடலாம். இங்கே மேசையில் படுத்திருப்பவர் ஓட முடியாது. தனக்கு ஏதோ நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த நாட்களின் சுகம் தேநீர் அறையில் இருந்தது. காலை பத்து மணிக்கு மூலைக் கடையிலிருந்து ரோவி வரும். உப்பும் கொழுப்புமாகத் தட்டையாக, கையில் எடுத்தால் விரலெல்லாம் நெய்யாகும் பன். தலைமை நர்ஸ் எஃபி செய்ன் அவற்றை வெந்நீர்க் குழாய்மேல் வரிசையாக அடுக்கிச் சூடாக்கி வைப்பார். ஜன்னலுக்கு வெளியே கடற்காக்கைகள் வரிசையில் நின்று உள்ளே பார்க்கும். எப்பேர்ப்பட்ட அறுவை சிகிச்சை நடந்தாலும் பத்து மணிக்கு ஒவ்வொரு மயக்க மருத்துவரையும் இன்னொருவர் வந்து பத்து நிமிடம் விடுவிப்பார். ரோவி ஆறினால் மரக்கட்டை என்பது அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஒப்படைப்பு தாழ்வாரத்திலேயே, நடந்துகொண்டே, மூன்று வார்த்தையில் முடிந்துவிடும்: "எல்லாம் சரியா போகுது."

அதைச் சொல்வதில் முன்னணியில் நிற்பவர் மூத்த மயக்க மருத்துவர் டாக்டர் லம்ஸ்டன். ஆறடி உயரம், கழுத்தில் வில் முடிச்சு டை, எப்போதும் உதட்டில் ஏதாவது ஒரு மெட்டு. நேற்றுப் பிறந்த குழந்தையின் நரம்பிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கைகள் தவறு செய்யும் என்று நினைக்க அங்கே யாருக்கும், முக்கியமாக அவருக்கு, பழக்கமில்லை.

சேர்ந்த மூன்றாம் மாதம் நார்மன் வாயைத் திறந்தார்.

"டாக்டர், தாழ்வாரத்துல சொல்றதை மெஷின்கிட்ட நின்னு சொன்னா நல்லதுங்க. எங்க மேடையில கையை மேல வச்சுத்தான்..."

"லைப்பர், இது எண்ணெய்க் கிணறு இல்லப்பா" என்றார் லம்ஸ்டன், ரோவியைப் பிட்டபடி. "மனுஷ உடம்பு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. தாள்ல டிக் போட்டு மயக்கம் குடுக்க முடியுமா?"

அறை சிரித்தது. அன்றிலிருந்து நார்மனுக்குப் பெயர் 'பர்மிட்'.

"ஏய் பர்மிட், பாத்ரூம் போகணும். ஒரு கையெழுத்துப் போடு ராசா" என்பார் எஃபி, காலைக் குறுக்கி நின்று. நார்மனும் சிரிப்பார். சிரிக்காமல் இருக்க முடியாது, எஃபி அப்படி நடிப்பார். ஆனால் பாதி சோதித்த இயந்திரத்தில் நார்மன் கட்டிய சிவப்புச் சீட்டை அதே எஃபி அவிழ்த்து அவர் சட்டைப் பையில் திணித்தபோது சிரிக்கவில்லை. "நோயாளி பாத்தா பயந்துருவாங்க. இன்னொண்ணு, நல்லதுக்குச் சொல்றேன், கேட்டுக்கோ. இங்க உதவியாளுங்க கேட்டாத்தான் பேசணும்."

சொல்லப்போனால் அது எஃபியின் சொந்த விதி அல்ல. அவருக்கும் முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ சொல்லிக் கொடுத்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பெல்லா மெய்ன் வந்தார். வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்து மீன் கிடங்கில் கத்தி பிடிப்பவர், பித்தப்பையில் கல். நார்மனின் அம்மாவோடு ஒரே மேசையில் மீன் அறுத்தவர்.

"அட, லைப்பர் பையா! நீயா? சின்னதுல எங்க கிடங்குக்கு வந்து மீன் கண்ணைப் பாத்து அழுதவன்தானே நீ?"

"இப்போ அழறதில்ல பெல்லா அக்கா."

"பாப்போம், என் வயித்தைத் திறக்கும்போது." பிறகு லம்ஸ்டனை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர், நல்லா தூங்க வைங்க. முப்பது வருஷமா விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சவ நான். பாக்கி நெறைய இருக்கு."

லம்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் பெல்லா தூங்கிப்போனார்.

பத்து மணிக்குச் சற்று முன்பு, பித்தநாளத்தில் இன்னும் கல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. நெஞ்சு அசைந்தால் படம் கலங்கும். அதனால் அரை நிமிடம் மூச்சை நிறுத்துவார்கள். எல்லா இடத்திலும் செய்வதுதான். லம்ஸ்டன் சுவிட்சைத் திருப்பினார். துருத்தி நின்றது. உடனே அலாரம் அலறியது. அதன் வாயையும் அமுக்கினார். கதிருக்குப் பயந்து எல்லாரும் வெளியேற, உள்ளே ஈயக் கவசத்தோடு மூலைத் தடுப்புக்குப் பின்னால் நின்றது அறுவை மருத்துவரும் நார்மனும் மட்டும். கருவி ஒரு முறை உறுமியது. "ஆச்சு!" என்று எக்ஸ்ரேக்காரர் குரல் கொடுத்தார்.

வெளியே தாழ்வாரத்தில், தேநீருக்கு விடுவிக்க வந்த ரோனா டல்லக் காத்திருந்தாள். ஷெட்லாந்துத் தீவிலிருந்து வந்த இளம் மருத்துவர். பயிற்சியின் இரண்டாம் வருடம்.

"வந்துட்டியா ரோனா? எல்லாம் சரியா போகுது" என்றார் லம்ஸ்டன். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே தேநீர் அறைக்குப் போனார்.

ரோனா உள்ளே வந்தாள். மேசைக்குக் குறுக்கே எக்ஸ்ரே கருவியின் தடித்த கை நின்றது. "வயிறு இறுகுதும்மா, கொஞ்சம் தளர்த்து" என்றார் அறுவை மருத்துவர், தலையைத் தூக்காமல். அவள் முதுகைத் திருப்பி ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கினாள்.

நார்மன் நின்ற மூலையிலிருந்து துருத்தி நேராகத் தெரிந்தது. அது ஓடவில்லை.

இன்னொரு படம் எடுப்பார்களோ? இரண்டு படம் எடுப்பது வழக்கம்தானே. டாக்டரம்மாவிடம் சொல்லித்தானே இருப்பார்கள்? ஒருவேளை நான் உளறினால்? பர்மிட் மறுபடி ஆரம்பிச்சிட்டான்டா. கேட்டாத்தான் பேசணும். நினைப்புகள் ஒவ்வொன்றாக வந்து நாக்கின் மேல் உட்கார்ந்தன. ஆறு வருடம் அடுத்தவனை நிறுத்திக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய மனிதன், அங்கே நின்றார்.

பிறகு சொன்னார். "டாக்டர், துருத்தி ஓடலை."

ரோனா திரும்பினாள். அவள் முகத்திலிருந்து நிறம் வடிந்ததை நார்மன் பார்த்தார். ஒரே எட்டில் பாய்ந்து, துருத்தியின் குழாயைப் பிடுங்கி, பையைக் கையால் அமுக்கி முழு ஆக்சிஜனைத் தள்ளினாள். "ரத்தம் கறுத்துப்போச்சே" என்றார் அறுவை மருத்துவர். இதயத்துடிப்பு முப்பதுக்கு இறங்கியது. ஒரு ஊசி, இன்னொரு ஊசி. கடைசியில் ஏறியது.

பெல்லா மதியம் கண் விழிக்கவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் விழித்தார். இரண்டு நாள் மகளின் பெயர் வரவில்லை. "இந்தப் பொண்ணு நல்லா பாத்துக்குது" என்று மகளைப் பற்றி அவளிடமே சொன்னார். மூன்றாம் நாள் பெயர் வந்தது. வாரக் கடைசியில் வசவுகளும் திரும்பின.

"கடவுள் காப்பாற்றினார்" என்றார் வார்டுக்கு வரும் பாதிரியார்.

"அப்போ சுவிட்சைத் திரும்பப் போடாம விட்டது யாரு?" என்றார் நார்மன். பாதிரியார் அவசரமாக அடுத்த கட்டிலுக்குப் போனார்.

குடும்பத்துக்குச் சொன்ன விளக்கம் அதைவிட அழகு. "மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை." நார்மனுக்குத் தன் காதைப் பற்றிய கடிதம் ஞாபகம் வந்தது. இங்கேயும் குறை பெல்லாவின் உடம்பினுடையது.

உள்ளே இன்னொரு கதை தயாரானது. நிர்வாகி ஸ்கீன் ஒரு கோப்பைத் திறந்தார். துருத்தி நின்று கிடந்தபோது அறையிலிருந்த மயக்க மருத்துவர் யார்? ரோனா டல்லக். முடிந்தது. கவனக்குறைவு; பயிற்சி இடம் ரத்து; அடுத்த வெள்ளி விசாரணை. பெயரைக் கண்டுபிடித்ததும் கோப்பு மூடிக்கொள்ளும். காரணம் மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமைக்காக அங்கேயே காத்திருக்கும்.

சாமான் அறையில் ரோனா தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தானே உள்ள இருந்தேன் நார்மன். நான்தான் பாக்கல."

"நீங்க நின்ன இடத்துலேருந்து அது தெரியாது டாக்டர்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் நின்ன இடத்துலேருந்து தெரிஞ்சுது."

அவள் கையிலிருந்த புத்தகம் நின்றது. "எப்போலேருந்து?"

நார்மன் ஒரு புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கருணைதான் அவரை வீடு வரை துரத்தி வந்தது.

அன்று மாலை ஜெஸ் புகைமீன் சூப்பை அவர்முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு சொல்லணும்னா, நீ பாத்துட்டுச் சும்மா நின்னதையும் சொல்லியாகணும். அப்படித்தானே?"

"ஆமா."

"தகுதிகாண் காலம் முடிய மூணு மாசம் இருக்கு."

"ஆமா."

"கடல்லயும் வாயை மூடல, கரையிலயும் மூடமாட்ட. ஒரே ஒரு தடவை மூடின. அதுவும் மூடக்கூடாத நேரத்துல." கரண்டியால் அவர் கிண்ணத்தைத் தட்டினாள். "சூப்பைக் குடி. கென் விஷயத்துல என்ன செஞ்சீங்க?"

கென், எண்ணெய் மேடையில் நார்மனோடு ஒரே அறையில் படுத்தவன். ஷிப்ட் மாறும்போது ஒரு சொல் விட்டுப்போனதில் இரண்டு கையும் வெந்தவன். அப்போது மேற்பார்வையாளர் யாரையும் கேள்வி கேட்கவில்லை. "அன்னைக்கு எங்க நின்னீங்களோ அங்க போய் நில்லுங்க. அன்னைக்கு செஞ்சதைச் செய்யுங்க" என்றார், அவ்வளவுதான். ஆள் ஆளாக நின்றபோதுதான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. மூன்று விபத்துக்குப் பிறகே கம்பெனிக்கு அந்தப் புத்தி வந்தது என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை ஸ்கீனின் அறையில் லம்ஸ்டன், எஃபி, ரோனா. சாட்சியாக நார்மனுக்கு ஒதுக்கியது இரண்டு நிமிடம்.

"என்ன பாத்தீங்கன்னு சுருக்கமா சொல்லுங்க" என்றார் ஸ்கீன்.

"சொன்னா புரியாதுங்க. தியேட்டர் இப்போ காலியா இருக்கு. எல்லாரும் வந்து அன்னைக்கு நின்ன இடத்துல நின்னா புரியும்."

"இது நாடகக் கொட்டகை இல்ல, லைப்பர்."

"போகலாமே" என்றார் லம்ஸ்டன் திடீரென்று. "பர்மிட்டோட வித்தையை ஒரு தடவை பாத்துருவோம். எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல." அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

மேசையில் பெல்லாவுக்குப் பதில் இரண்டு தலையணை. குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. துருத்தி ஓடத் தொடங்கியது. எக்ஸ்ரே கருவியை அன்று நின்ற இடத்துக்கே தள்ளினார்கள். அறுவை மருத்துவரின் இடத்தில் ஸ்கீனை நிறுத்தினார் நார்மன். எஃபி மார்பில் தொங்கிய கடிகாரத்தைக் கையிலெடுத்தார்.

"டாக்டர், எக்ஸ்ரே எடுக்கப் போறாங்க" என்றார் நார்மன்.

லம்ஸ்டன் சுவிட்சைத் திருப்பினார். அலாரம் அலறியது. அவருடைய கை தானாக நீண்டு அதை அமுக்கியது. கண் அந்தப் பக்கம் போகவேயில்லை. வெளியே நடந்தார். "ஆச்சு!" என்று நார்மனே குரல் கொடுத்தார். தாழ்வாரத்தில், "எல்லாம் சரியா போகுது" என்று ரோனாவிடம் சொல்வது கேட்டது. சொன்ன வேகத்தில் தேநீர் அறைப் பக்கம் நான்கு அடி வைத்துவிட்டார். காலடி ஓசை நின்றது.

அவர் திரும்பி வந்தபோது உதட்டில் மெட்டு இல்லை. கதவருகே நின்று தன் வலது கையைப் பார்த்தார், யாருடையதோ போல.

"அமுக்கினேனா? இப்போ?"

"அமுக்கினீங்க" என்றார் எஃபி மெதுவாக.

"எனக்கு ஞாபகமே இல்ல எஃபி. ரெண்டு நிமிஷம் கூட ஆகல."

"இன்னும் முடியல டாக்டர். அந்தம்மா இன்னும் மூச்சில்லாமத்தான் இருக்காங்க" என்றார் நார்மன்.

ரோனா உள்ளே வந்து தன் இடத்தில் நின்றாள். ஸ்கீன் அவள் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். கருவியின் தடித்த கை துருத்தியை முழுசாக மறைத்திருந்தது. அவள் முதுகைத் திருப்பி வெறும் ஊசியை எடுத்தாள்.

நார்மன் மூலைக்குப் போனார். "இங்கேருந்து தெரியுது" என்றார். பிறகு பேசாமல் நின்றார், அன்று நின்றதைப் போலவே.

கடிகாரம் ஓடியது. குழாயில் வெந்நீர் சலசலத்தது. ஸ்கீன் கால் மாற்றி நின்றார். ரப்பர் பை தொய்ந்து கிடந்தது. 'போதும்' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று எல்லாருக்கும் தோன்றியது, யாரும் சொல்லவில்லை. எஃபியின் உதடு வினாடிகளை எண்ணியது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று நார்மனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"டாக்டர், துருத்தி ஓடலை" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றார் எஃபி. "மொத்தம் நாலு நிமிஷம். அதுல ஒண்ணு இவனோடது."

"பாத்துட்டே நின்னீங்களா?" என்றார் ஸ்கீன்.

"நின்னேன். பயம்."

"எதுக்குப் பயம்?"

நார்மன் சொல்வதற்குள் எஃபி முந்திக்கொண்டார். "கேட்டாத்தான் பேசணும்னு நான் சொல்லி வச்சேன்."

"அதுக்கு முன்னாடியே சொன்னான். நான்தான் கேலி பண்ணினேன்" என்றார் லம்ஸ்டன். பிறகு ஸ்கீனைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுங்க."

"எழுதாதீங்க டாக்டர்" என்றார் நார்மன். குரல் உயர்ந்துவிட்டது, அறையில் யாரும் அவர் குரலை அவ்வளவு உயரத்தில் கேட்டதில்லை. "உங்க பேரை எழுதினா உங்களை அனுப்புவாங்க. அடுத்து வர்றவருக்கும் பத்து மணிக்குப் பசிக்கும். அவர் கையும் அமுக்கும். ஒரு மெஷினை மூச்சில்லாம நிறுத்தி வச்சிட்டு, அதோட வாயையும் அடைச்சிட்டு, ஆள் வெளிய போக முடியுது. அதை எழுதுங்க. ஒப்படைக்கிறது தாழ்வாரத்துல நடக்குது. அதை எழுதுங்க. பாத்தவன் வாயைத் திறக்கப் பயந்தான். அதையும் எழுதுங்க. பேர் வேணும்னா என் பேரையும் போட்டுக்கோங்க, எனக்குக் கவலையில்ல."

கவலை இருந்தது.

ரோனாவின் கோப்பு அன்றே மூடப்பட்டது. நார்மனுக்குத் தகுதிகாண் காலம் இன்னொரு வருடம் நீண்டது. 'பேச வேண்டிய நேரத்தில் பேசாததற்காக' என்று ஸ்கீன் எழுதினார். பேசாதே என்று பழக்கிய தியேட்டருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இன்றுவரை அதை நினைத்தால் நார்மனுக்குக் கொதிக்கும். ஆனாலும் அடுத்த திங்கள் பத்து மணிக்கு லம்ஸ்டன் தாழ்வாரத்தில் பேசவில்லை. விடுவிக்க வந்தவரை உள்ளே இழுத்துப் போய், இயந்திரத்தின் தலையில் ஆசீர்வதிப்பது போல உள்ளங்கையை வைத்து, "துருத்தி ஓடுது, அலாரம் உயிரோட இருக்கு, நோயாளி தூங்கறாங்க, எனக்குப் பசிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே அது வழக்கமாகிவிட்டது. சட்டம் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் செத்திருக்கும். இப்போது நார்மன் பேருந்தில் கண்ணை மூடினால் தெரிவது அந்தப் பெரிய உள்ளங்கைதான். எவ்வளவு திமிர் பிடித்த மனிதர். எவ்வளவு அழகாகத் தன் தப்பைத் தூக்கிக்கொண்டார். லம்ஸ்டன் போய் இருபது வருடம் ஆகிறது. அந்தத் தேநீர் அறையில் சிரித்தவர்களில் மிச்சமிருப்பது நார்மனும் ரோனாவும்தான்.

ஆனால் அந்தத் திங்கள் வருவதற்கு முன்பே, விசாரணை முடிந்த வெள்ளிக்கிழமை மதியமே, இன்னொன்று நடந்தது.

"பெல்லா அக்காவுக்கு யார் சொல்றது?" என்று நார்மன் கேட்டார்.

"சொல்ல வேண்டாம்" என்றார் ஸ்கீன். "வழக்குப் போடுவாங்க."

"போடட்டுமே. அவங்க மூச்சுதானே நின்னுது?"

லம்ஸ்டன் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "லைப்பர், நீங்களும் வாங்க" என்றார். அதுவரை அவர் நார்மனை 'நீ' என்றுதான் சொல்லி வந்திருந்தார்.

பெல்லா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் இளைத்திருந்தது, கண் பழைய கண். லம்ஸ்டன் நின்றுகொண்டே சொன்னார். சுவிட்சைச் சொன்னார், அலாரத்தைச் சொன்னார், தேநீரையும் விடவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றது பொய் என்றும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

"நாலு நிமிஷம்" என்றார் பெல்லா கடைசியில்.

"ஆமாம்மா."

"என் பொண்ணு பேர் எனக்கு மறந்துபோச்சு. அது உங்களுக்குத் தெரியுமா? அவ வெளிய போய் அழுதிருக்கா."

லம்ஸ்டன் தலை குனிந்தார்.

"முதல்ல பாத்தது யாரு?"

லம்ஸ்டன் திரும்பிப் பார்க்கவில்லை. நார்மன்தான் முன்னால் வந்தார். "நான்தான் அக்கா. பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசாம நின்னேன். அப்புறம்தான் சொன்னேன்."

போர்வைமேல் கிடந்த பெல்லாவின் வலது கை, கத்தியைத் தேடுவது போல லேசாக அசைந்தது.

"ஒரு நிமிஷத்துல நான் ஆறு மீன் அறுத்துப் போட்டுருவேன், பையா. ஆறு."

"தெரியும் அக்கா."

"ஏழாவது மீனுக்காவது வாயைத் திறந்தியே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "உக்காருங்க ரெண்டு பேரும். என் மக வரட்டும். எங்கிட்ட சொன்னதை அப்படியே, ஒண்ணு விடாம, அவகிட்டயும் சொல்லணும். அவளும்தான் பொய்யைக் கேட்டா."

பார்வையாளர் நேரம் மூன்று மணிக்கு. அப்போது இரண்டே கால். லம்ஸ்டன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நார்மனிடம் காட்டினார். இன்னொன்றைத் தனக்கு இழுத்துக்கொண்டார். மூன்று பேரும் கதவைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.